குணவதியக்கா தைத்த கூரை

குணவதியக்காவுக்கு அந்தக் காரை முதலில் பிடித்துத்தான் இருந்தது. பீடோங்கில் நாங்கள் பதினோரு வருஷம் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருந்தோம். அத்தனை காலத்தில் இந்தக் கதையை முழுதாக ஒரே ஒரு தடவைதான் சொன்னார். மற்றதெல்லாம் துண்டு துண்டாக, நூலில் மெழுகு தேய்த்துக்கொண்டே சொன்னவை.

சிடாம் கிரி என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். அங்கே மேனேஜராக இருந்த ஹார்லண்ட் துரையிடம் எம்.ஜி. கார் ஒன்று இருந்தது. காரைத் தோட்டத்தில் எல்லோரும் காடி என்றுதான் சொல்வார்கள். இரண்டு பேர் மட்டும் உட்காரும் பந்தயக் காடி. கரும்பச்சை நிறம், நீண்ட மூக்கு, சைக்கிளுக்கு இருப்பதுபோல் கம்பி வைத்த உயரமான மெல்லிய சக்கரங்கள். மேலே தகரக் கூரை கிடையாது. மழை வந்தால் இழுத்து மூடிக்கொள்ள ஒரு துணிக் கூரை, பின்னால் மடித்து வைத்திருக்கும்.

அக்காவின் கணவர் அழகேசன் தோட்டத்து லாரி டிரைவர். துரையின் காரைக் கழுவித் துடைப்பதும் அவர் வேலைதான். துரை பெரும்பாலும் தானே ஓட்டுவார். அவருக்கு முடியாத நாளில் அழகேசன் ஓட்டுவார். கல்யாணமாகி இரண்டாம் வருஷம் ஒரு நாள், காய்ந்த மட்டை ஒன்று மரத்திலிருந்து விழுந்து அந்தத் துணிக் கூரையைக் கிழித்துவிட்டது. துரை பார்ப்பதற்குள் சரி செய்துவிட வேண்டும் என்று அழகேசன் அதைக் கழற்றி, தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கே எடுத்து வந்தார். அக்கா கோணி ஊசியால் ஒரு ஒட்டுப் போட்டுத் தைத்தார். இடது பக்கம், பின்னால், கை அகலத்துக்கு. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்காது.

“காடிக்காரம்மா ஆயிட்டே” என்று அழகேசன் சிரித்தாராம்.

1950 அக்டோபரில் துரைக்குக் கடுமையான காய்ச்சல். வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்துக் காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அறிவித்த அவசரகாலம் தொடங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. காட்டில் இருந்தவர்கள் தோட்டத்துத் துரைமார்களைக் குறி வைத்திருந்தது எல்லோருக்கும் தெரியும். அன்று காலை சுங்கைப் பட்டாணியிலிருந்து மருந்து வாங்கி வரவேண்டும். லாரி ரப்பர்ப் பால் ஏற்றிப் போயிருந்தது. துரை படுக்கையிலிருந்தே சாவியை எடுத்து அழகேசனிடம் கொடுத்தார்.

அழகேசன் திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. கூரையை இழுத்து மூடினார். பக்கத்துத் திரைகளையும் மாட்டினார். அவை வெயிலில் பழுத்து மஞ்சளாகிப்போன கண்ணாடித்தாள். வெளியே இருப்பவருக்கு உள்ளே ஒரு ஆள் இருப்பது தெரியும், யார் என்று தெரியாது. பத்தாம் நம்பர் ரப்பர்க் காட்டுக்குப் பக்கத்தில், சடக்கு என்று நாங்கள் சொல்லும் சாலையின் வளைவில், புதருக்குள் இருந்து சுட்டார்கள்.

அக்கா அப்போது இரண்டு காடு தள்ளிப் புல் வெட்டிக்கொண்டிருந்தார். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் எல்லோரையும் தரையில் படுக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் மரங்களுக்கு மேலே கறுப்புப் புகை எழும்பியது.

காரைக் கொளுத்திவிட்டுப் போய்விட்டார்கள். கொளுத்துவதற்கு முன்னால் அழகேசனை வெளியே தூக்கி, சடக்கோரப் புல்லில் நேராகக் கிடத்தியிருந்தார்கள். அவருடைய துண்டாலேயே முகத்தை மூடியிருந்தார்கள்.

“ஆள் மாறிப் போச்சுன்னு அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு. சுட்டதுக்கு அப்புறம்” என்றார் அக்கா.

பேப்பரில் மூன்று வரி வந்தது. மேனேஜரின் கார் எரிக்கப்பட்டது, டிரைவர் ஒருவர் மாண்டார் என்று. பெயர் இல்லை.

அதற்குப் பிறகு அக்கா தோட்டத்தில் இருக்கவில்லை. தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு சுங்கைப் பட்டாணிக்குப் போனார். அங்கே காஜா மைதீன் என்பவர் கார்ப் பட்டறை வைத்திருந்தார். அவர் வீட்டுக்கு ரவிக்கை, பாவாடை தைக்கப் போன அக்கா, ஒரு நாள் பட்டறையில் கிழிந்து கிடந்த லாரி சீட்டைப் பார்த்து, “இதையும் தைக்கலாமே பாய்” என்றார். ஆறே மாதத்தில் அந்தப் பட்டறைக்கு வரும் வண்டிகளின் சீட்டு, கூரை எல்லாம் அவர் கைக்கு வந்துவிட்டன.

வேலை செய்யும்போது அக்காவின் மனசு ஒரே இடத்தில் போய் நிற்கும். அந்த ஒட்டை நான் போடாமல் இருந்திருந்தால்? கூரை கிழிந்தே கிடந்திருந்தால், மூடினாலும் ஒழுகத்தான் போகிறது என்று அவர் திறந்துகொண்டே வந்திருப்பார். நனைந்திருப்பார், அவ்வளவுதான். புதருக்குள் இருந்தவர்கள் முகத்தைப் பார்த்திருப்பார்கள். வெள்ளைக்காரன் இல்லை என்று விட்டிருப்பார்கள். இதை அக்கா யாரிடமும் சொல்லவில்லை.

1952-இல் ஹார்லண்ட் துரை ஒரு புதுக் காரோடு பட்டறைக்கு வந்தார். அதுவும் எம்.ஜி.தான், அடுத்து வந்த மாடல். முன்னாலும் பின்னாலும் பளபளவென்று பம்பர். சக்கரங்கள் சின்னதாக, தடியாக, கம்பி இல்லாமல் தட்டையாக இருந்தன. மட்கார்டுகள் உப்பலாக இருந்தன. துரை கையில் பழைய காரின் போட்டோ வைத்திருந்தார். தோட்டத்து வெள்ளைக்காரர்கள் தமிழ் படித்தாக வேண்டிய காலம் அது. அவர் பேசிய தமிழும் லயத்துத் தமிழ்தான்.

“இந்தக் காடி அந்தக் காடி மாதிரி ஆகணும்” என்றார்.

காஜா மைதீனுக்குப் புரியவில்லை. “புதுசைப் பழசாக்கணுமா தொரை?”

“பழசு ஆக வேணாம். பாக்கிறவனுக்கு அதுதான் இதுன்னு தெரியணும். அவங்க என் காடியை எரிச்சாங்க. அது அதே சடக்குல ஓடணும். அவங்க பாக்கணும்.”

அக்கா உள்ளே மெஷினில் இருந்தார். குரலிலேயே ஆளைத் தெரிந்துகொண்டார். துரை அவர் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அக்காவை அடையாளம் தெரியவில்லை.

வேலை மூன்று மாதம் இழுத்தது. பம்பர்களைக் கழற்றி, துளைகளை அடைத்தார்கள். காஜா மைதீன் பினாங்குக்குப் போய், பின்பக்கம் நசுங்கிக் கிடந்த பழைய மாடல் ஒன்றிலிருந்து கம்பிச் சக்கரங்களை எடுத்து வந்தார். புதுக் காருக்கு அவை நேராகப் பொருந்தாது. அச்சு முனைகளை மாற்ற வேண்டியிருந்தது. மட்கார்டுகளை அறுத்து, ஒடுக்கி, தட்டித் தட்டிப் பழைய வளைவுக்குக் கொண்டுவந்தார்கள். நீலமாக இருந்ததைச் சுரண்டிக் கரும்பச்சை அடித்தார்கள்.

துரை வாரா வாரம் வந்துவிடுவார். போட்டோவைக் காருக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். “விளக்கு கொஞ்சம் கீழே” என்பார். “மூக்கு இன்னும் மெலிசு” என்பார். அவர் ஞாபகம் அப்படி.

அந்தப் போட்டோவைக் காஜா மைதீன் சுவரில் குத்தி வைத்திருந்தார். பங்களா வாசலில் கார், அதன் கதவில் சாய்ந்து துரை. வலது ஓரத்தில் துடைக்கிற துணியைப் பிடித்தபடி ஒரு கை மட்டும் தெரிந்தது. ஆள் போட்டோவுக்கு வெளியே போய்விட்டார். அக்காவிடம் கணவருடைய படம் எதுவும் இல்லை. மூன்று மாதமும் வேலைக்கு நடுவில் போய் அந்தக் கையைப் பார்த்துவிட்டு வருவாராம்.

சீட்டைத் தைத்தாயிற்று. தோல் பழைய நிறத்திலேயே கிடைத்தது. கூரைத் துணியை வெட்டுகிற நாளில் துரை வந்து நின்றார்.

“பழைய கூரையில ஒரு ஒட்டு இருந்துச்சு” என்றார். “இடது பக்கம், பின்னால. கை அகலம். நல்ல தையல். அதுவும் போடு.”

அக்கா கத்தரியைக் கீழே வைத்தார். “கிழியாத துணிக்கு ஒட்டு எதுக்கு?”

“அந்தக் காடியில இருந்துச்சு.”

“தெரியும். நாந்தான் தச்சேன்.”

துரை அவரை முதல் தடவையாக நன்றாகப் பார்த்தார். “நீயா?”

“அழகேசன் பொஞ்சாதி.”

பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றுபோனது. “நல்ல டிரைவர்” என்றார் துரை.

“ஒட்டு மட்டும் போட மாட்டேன் தொரை. கூரை தச்சுத் தர்றேன். ஆனா ஒரு வார்த்தை குடுங்க. இந்தக் காடியை நீங்க மட்டுந்தான் ஓட்டணும். வேற ஆளை இதுல அனுப்பக் கூடாது. காய்ச்சல்ல கிடந்தாலும் சரி.”

காஜா மைதீன் கண்ணைக் காட்டினார், போதும் என்று. அக்கா பார்க்காததுபோல் நின்றார்.

“சரி” என்றார் துரை. “நான் மட்டும். வார்த்தை.”

அக்கா கூரையைத் தைத்தார். அதுவரை தைத்ததிலெல்லாம் அதுதான் நல்ல வேலை என்பது அவருக்கே தெரியும்.

கார் தோட்டத்துக்குப் போன அன்று என்ன நடந்தது என்று அழகேசனின் தம்பி இருளப்பன் வந்து சொன்னான். அண்ணன் போனபின் லாரி டிரைவர் வேலை அவனுக்குக் கிடைத்திருந்தது. சடக்கோரம் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கத்தியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்களாம். இரண்டு பெண்கள் அழுதுவிட்டார்களாம். “எரிஞ்சு போன காடி எழுந்து வந்த மாதிரி இருந்துச்சு அண்ணி” என்றான்.

அக்கா அவனைச் சாப்பிடச் சொன்னார்.

ஏழு வாரம் போயிருக்கும். ஒரு நாள் முற்பகல் நல்ல மழை. அந்தக் கார் பட்டறை வாசலில் வந்து நின்றது. கூரை மூடியிருந்தது, பக்கத் திரைகளும் மாட்டியிருந்தன. துரை வந்திருக்கிறார் என்று அக்கா எழுந்தார். கதவைத் திறந்துகொண்டு இறங்கினது அழகேசன்.

“ஒரு நொடிதான்” என்றார் அக்கா என்னிடம். “அதே தோள். அதே மாதிரி தலையைக் குனிஞ்சு இறங்குறான்.”

இருளப்பன் மழைக்குப் பயந்து உள்ளே ஓடி வந்தான். “அண்ணி, பிரேக்கு கிறீச்சுங்குது. பாய்கிட்ட காட்டிட்டு வரச் சொன்னாரு தொரை.”

“தொரை எங்கடா?”

“பங்களாவுல. விருந்தாளிங்க வந்திருக்காங்க.”

“நீ ஒருத்தனா வந்தே? அந்த வளைவு வழியாவா?”

“வேற வழி ஏது அண்ணி?”

அக்கா தோல் வெட்டும் பெரிய கத்தரியை எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கினார். கண்ணாடிக்கு மேலே கூரை பிடித்திருந்த இடத்தில் கத்தரியை நுழைத்து, தான் போட்ட தையலைத் தானே அறுத்துக்கொண்டே போனார். தையல் கெட்டியாக இருந்தது. இரண்டு கையாலும் அழுத்த வேண்டியிருந்தது.

“குணவதி! என்னம்மா பண்றே?” என்று காஜா மைதீன் ஓடி வந்தார். இருளப்பன் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தான். “அண்ணி, வேணாம் அண்ணி. என் வேலை போயிடும்லா!”

“போவட்டும். கையை விடு.”

அவன் விட்டுவிட்டான். அக்கா கூரையை மொத்தமாகப் பிடுங்கித் தரையில் போட்டார். திரைகளையும் கழற்றிப் போட்டார். மழை புது சீட்டில் விழுந்து தெறித்தது.

பிரேக்கைக் காஜா மைதீன் பார்த்துக் கொடுத்தார். அதுவரை அக்கா காருக்குப் பக்கத்திலேயே நனைந்துகொண்டு நின்றார்.

“இப்பப் போ” என்றார் இருளப்பனிடம். “நனைஞ்சுக்கிட்டே போ. மெதுவாப் போ. உன் மூஞ்சி நல்லாத் தெரியணும்.”

அவன் அவரைத் திரும்பிப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டு போனான். வெள்ளிக்கிழமை அது, காஜா மைதீன் பள்ளிவாசலுக்குப் போய்த் தொழுதுவிட்டு வந்து, “நாளைக்குத் தொரை வருவாரு. நீ வீட்டுல இரு, நான் பேசிக்கிறேன்” என்றார்.

“இல்ல பாய். நானே பேசுறேன்.”

மறுநாள் காலை துரை லாரியில் வந்தார், துப்பாக்கி பிடித்த இரண்டு மலாய்க் காவலர்களோடு. முகம் சிவந்திருந்தது. “என் காடியை ஏன் வெட்டினே?”

“வார்த்தை குடுத்தீங்களே தொரை.”

“என்ன வார்த்தை?”

அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே யோசித்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்தபோதுதான் அக்காவுக்கு உள்ளே என்னவோ விட்டுப்போனது. இரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லாததை அந்த ஆளிடம் சொன்னார்.

“அன்னிக்கு மழை. நான் போட்ட ஒட்டு ஒழுகாது. ஒழுகியிருந்தா அவரு கூரையை மூடியிருக்க மாட்டாரு. உள்ள யாருன்னு பாத்திருப்பாங்க. அவங்க தேடினது உங்களை. உங்களுக்கு மருந்து வாங்கப் போனவரு செத்தாரு. இப்ப அதே மாதிரி காடி, அதே மாதிரி கூரை, அதே சடக்கு. அதுல அவரு தம்பியை ஏத்தி அனுப்புறீங்க.”

காவலர்களில் ஒருவர் மலாயில் ஏதோ கேட்டார். துரை கையால் அமர்த்தினார்.

“மறந்துட்டேன்” என்றார் கடைசியில்.

“திட்டியிருந்தாகூடத் தாங்கியிருப்பேன்” என்றார் அக்கா என்னிடம். “வெளக்கு ஒரு விரல் மேல இருந்தா தெரியுது அந்த ஆளுக்கு. இது மறந்து போச்சு.”

தரையில் சுருட்டி வைத்திருந்த கூரைத் துணியைக் காஜா மைதீன் எடுத்துக் காட்டி, வேறு ஆளை வைத்துத் தைத்துத் தருவதாகச் சொன்னார். துரை துணியைத் தொடவில்லை. “கூரை வேணாம்” என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறினார்.

அவர் போலீசில் சொல்லவில்லை. அதன்பின் அந்தக் காரில் வேறு யாரும் ஏறவும் இல்லை. கூரையில்லாமலே ஓட்டினார், மழையில் நீளமான ரப்பர்க் கோட்டைப் போட்டுக்கொண்டு, தொப்பியிலிருந்து தண்ணீர் வழிய, அந்த வளைவில் போவார். கிளப்பில் மற்ற வெள்ளைக்காரர்கள் கேலி செய்தார்கள் என்று கேள்வி. அவரை யாரும் சுடவில்லை. அந்தக் காரின் மேல் ஒரு குண்டுகூடப் படவில்லை. 1955-இல் அதை அலோர் ஸ்டாரில் ஒருவருக்கு விற்றுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். வாங்கியவர் முதல் வேலையாகப் பழைய பம்பர்களைத் தேடினாராம்.

ஆனால் கத்தரிக் கதை தோட்டம் தோட்டமாகப் பரவிவிட்டது. இரண்டு மூன்று துரைமார்கள் காஜா மைதீன் பட்டறைக்கு வண்டி அனுப்புவதை நிறுத்தினார்கள். அவர் அக்காவைக் குறை சொல்லவில்லை. அக்காவே ஒரு வருஷம் பார்த்துவிட்டு, “நான் பீடோங்குக்குப் போறேன் பாய், அங்க பஸ்ஸு சீட்டு வேலை இருக்கு” என்று கிளம்பினார். அவர் தடுக்கவும் இல்லை. மெஷினைத் தன் லாரியிலேயே ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். சுவரில் இருந்த போட்டோவைத் துரை திரும்பக் கேட்கவில்லை; அதை ஒரு காகிதத்தில் சுற்றி அக்கா கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

இருளப்பன் அக்காவோடு ஒன்றரை வருஷம் பேசவில்லை. அவனை யாரும் வேலையிலிருந்து நிறுத்தவில்லை. ஆனால் நனைந்துகொண்டு திரும்பிப் போன அன்று, அந்த வளைவில் தன் முகத்தை வெளியே காட்டிக்கொண்டு ஓட்டியபோது, அண்ணன் எப்படிச் செத்தார் என்பது அவனுக்கு முழுசாகப் புரிந்துவிட்டது. மறுவாரமே சாவியைக் கொடுத்துவிட்டுப் பால் வெட்டப் போய்விட்டான். அந்தப் பயத்தைத் தனக்குக் கொடுத்தது அண்ணிதான் என்று அவனுக்குக் கோபம்.

“சொன்னதுக்கு அப்புறம் மனசு லேசாச்சா அக்கா?” என்று நான் கேட்டேன்.

“இல்ல” என்றார். “அது அப்படியேதான் இருக்கு. தொரைக்கும் அதுல கொஞ்சம் போயிருக்கும்னு நெனச்சுக்குவேன்.”

சுற்றுவட்டாரத்தில் அவசரகால ஊரடங்கை எடுத்த பிறகு, அனுமதிப் பாஸ் இல்லாமல் போய்வரலாம் என்றானதும், இருளப்பன் ஒரு நாள் காலை பீடோங்குக்கு வந்து வாசலில் நின்றான். கையில் பாராங்கத்தி. “வாங்க அண்ணி, அண்ணனைப் பாத்துட்டு வருவோம்” என்றான்.

தோட்டத்து இடுகாடு, அவசரகாலத்தில் லயங்களைச் சுற்றிப் போட்ட கம்பிவேலிக்கு வெளியே இருந்ததால் நான்கைந்து வருஷமாக யாரும் அங்கே போகவில்லை. ஆள் உயரத்துக்கு லாலாங் புல் வளர்ந்திருந்தது. நட்டு வைத்த பலகைகளைக் கரையான் தின்றிருந்தது. இரண்டு பேருமாகப் புல்லை வெட்டி வெட்டிப் பார்த்தார்கள். மேடு மேடாக நிறைய இருந்தன. உச்சி வெயில் வந்த நேரத்தில் இருளப்பன் ஒரு மேட்டுக்குப் பக்கத்தில் நின்று, “இதுதான் அண்ணி” என்றான்.

அவனுக்கு உறுதியாகத் தெரியவில்லை என்று அக்காவுக்குத் தெரிந்தது. கேட்கவில்லை. குனிந்து, அந்த மேட்டின் மேல் மிச்சமிருந்த புல்லைக் கையாலேயே பிடுங்கத் தொடங்கினார். இருளப்பன் அடுத்த பக்கம் உட்கார்ந்துகொண்டான்.